வெறி என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டுப் பொருள்

மகன்,

பக்கத்து அறையில் நீ பெட்டி அடுக்குகிறாய். அலுமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் இந்த மேசைவரை கேட்கிறது. எழுந்து வந்து உன் கதவைத் தட்டி இதையெல்லாம் சொல்லிவிடலாம். சொல்ல மாட்டேன். ஆடி மாதத்திலிருந்து நாம் இருவரும் "சாப்பிட்டாச்சா", "லைட்ட அணைச்சிரு" என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பழக்கத்தை இன்று திடீரென்று முறிக்க எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். எழுதியதை உன் பெட்டியின் மேல் வைப்பதோடு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் சந்திக்கு இழுக்கிறீர்கள் என்று உன் அம்மா கேட்கிறாள். என்னை எனக்குத் தெரியும். தனியாக எழுதினால் நாளைக்கே "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பேன். அச்சில் வந்ததை மறுக்க முடியாது. பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். நீ கட்டிக்கொள்ள விரும்பிய அந்தப் பிள்ளையின் அம்மா பொய் சொல்லவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று உன்னிடம் சொன்னவன் நான். சொன்னபோது அப்படித்தான் நம்பினேன். பிறகு உண்மை தெரிந்தது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ டோஹாவில் வேலை தேடியது அதற்குப் பிறகுதான். எல்லாம் இரண்டெழுத்துச் சொல் ஒன்றால் வந்தது. வெறி.

நீ சிரிப்பாய். அந்தச் சொல்லைப் பற்றி நான் எத்தனை முறை இந்த வீட்டில் பிரசங்கம் செய்திருக்கிறேன்! அஸ்கிரிய மைதானத்தில் மேட்ச் என்றால் சோறு தண்ணீர் மறந்து ஓடிய உன்னைக் கிரிக்கெட் வெறியன் என்று திட்டிவிட்டு, உடனே நானே சொல்லாராய்ச்சியில் இறங்குவேன். ஆங்கிலத்தில் ஆட்டக்காரனின் பின்னால் அலைகிறவனை 'ஃபேன்' என்கிறார்களே, அதுகூடக் கோயிலிலிருந்து வந்த சொல்தான். கோயில் வாசலில் தெய்வம் ஏறி நின்றவனைக் குறித்த பழைய லத்தீன் சொல்லின் தலைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள் என்பேன். நம்முடைய சொல்லுக்கு அதைவிட நீண்ட கதை. பழந்தமிழில் வெறி என்றால் முதலில் மணம். பிறகு கள். பிறகு மயக்கம். பிறகு முருகன் ஏறி ஆடும் ஆட்டம். சாதி வெறி, இன வெறி, மொழி வெறி என்பதெல்லாம் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். பூவாசமாகப் பிறந்த ஒரு சொல் வீட்டுக்குத் தீ வைக்கிறவனின் கையில் வந்து முடிந்தது எப்படி என்று நான் கேட்பேன். நீ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாய்.

கம்பஸில் படிக்கும்போது இந்தச் சொல்லைப் பற்றித்தான் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினேன். வெறியாட்டு என்பது என்னவென்று அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். ஒரு பெண் மெலிந்துபோகிறாள், வளையல் கழல்கிறது, தூக்கமில்லை. காதல் என்று அவளுக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். தாய்க்கு மட்டும் தெரியாது. முருகன் பிடித்துவிட்டான் என்று முடிவு கட்டி, வேலன் என்ற பூசாரியைக் கூப்பிடுகிறாள். அவன் முற்றத்தில் மணலைப் பரப்பி, ஆட்டை வெட்டி, வேலைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான். நோய் ஓரிடம், மருந்து வேறிடம். பெரியவர்களின் முட்டாள்தனத்தை இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை என்று எழுதி, நல்ல புள்ளியும் வாங்கினேன். ஆனால் விரிவுரையாளர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'யாழ்ப்பாண வழக்கில் குடிமயக்கம் என்ற பொருள் விடுபட்டுள்ளது.' தெரியாமல் விடவில்லை, மகன். விடுதியில் என்னைத் தோட்டக்காட்டான் என்று இளக்காரமாகக் கூப்பிட்ட யாழ்ப்பாணத்துப் பையன்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் என் தட்டை எடுத்துவிட்டு எனக்கென்று வேறு தட்டு வைப்பார்கள். அவர்கள் பேச்சுக்கு என் கட்டுரையில் இடம் கிடையாது என்று வேண்டுமென்றே விட்டேன். அந்த இடைவெளிதான் இத்தனை வருடம் கழித்து உன் கல்யாணப் பேச்சில் வந்து வாய் பிளந்தது.

அவர்கள் சம்பந்தம் பேச வந்த அன்று நடந்ததை நீ பாதிதான் அறிவாய், ஏனென்றால் நீ அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வாவிப் பக்கம் போயிருந்தாய். பெரியவர்கள் பேசட்டும் என்று. பேசினோம். டீச்சர் (யாழ்ப்பாணத்துக்காரரான அந்த அம்மாவை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்) பேராதனையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நல்ல பருத்திச் சேலை, கையில் கதலி வாழைப்பழச் சீப்பு. கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தார். அதை நான் குறித்துக்கொண்டேன். நம் வீட்டுக் கதிரையில் சாய்ந்து உட்கார மனமில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். பெண்ணைப் பெற்றவர், புருஷன் இல்லாதவர், தனியாக ஒரு சம்பந்தம் பேச வந்திருக்கிறார், கூச்சமாக இருக்கும் என்று உன் அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை.

"மாப்பிள்ளையின்ட அப்பப்பா என்ன செய்தவர்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இதோ வந்துவிட்டது, வேர் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். என் அப்பா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவர், டவுனில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்தவர், பாதி ஆயுள் எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாமல் கிடந்தவர். இதையெல்லாம் மறைக்கக் கூடாது, நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும் என்று ஒரு வீறாப்பு. அவருடைய பக்தியிலிருந்து தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதே டீச்சரின் போன் அடித்தது. "ஒருக்கா பொறுங்கோ" என்று வெளியே போனார். நான் நிறுத்தவில்லை. ஆடி பிறந்தால் கதிர்காமத்துக்கு வெல்லவாயா வழியாக நடந்தே போவார், மாதம் முழுக்க விரதம், தேத்தண்ணிகூடத் தொட மாட்டார் என்று உன் அம்மாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது நான் இந்த இடத்தில் இருந்தேன்:

"ஆடி மாசம் பூரா மனுசன் வெறியிலதான் இருப்பாரு. கடைக்குப் போக மாட்டாரு. மொதலாளி ஆளனுப்பித் திட்டுவாரு. காதுலயே வாங்க மாட்டாரு. ரோட்டுல விழுந்து உருளுவாரு பாருங்க, மேலெல்லாம் காயம். நாங்க புள்ளைங்க நாலு பேரும் தூக்கிக்கிட்டு வருவோம்."

நான் அங்கப் பிரதட்சணத்தைச் சொன்னேன். டீச்சர் கேட்டது வேறு. அவர் முகம் வெளிறியது.

"ஐயோ. பிள்ளையளும் பார்த்துக்கொண்டோ?"

"பார்க்காம? அதைப் பார்த்துத்தானே வளந்தோம். எங்களுக்குப் பெருமையா இருக்கும்."

"பெருமையோ?" அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப... குறை நினைக்காதையுங்கோ, உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருக்கோ?"

அந்தப் பழக்கம். அந்த இரண்டு சொற்களைச் சொன்னபோது அவர் உதடு லேசாகக் கோணியது. நான் விடுதி மேசையைப் பார்த்தேன், மாற்றி வைத்த தட்டைப் பார்த்தேன். காவடி எடுப்பதும் உருளுவதும் கூலிக்காரச் சனத்தின் பழக்கம், படித்த சைவர்களுக்கு ஆகாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஏன் இல்லாம?" என்றேன். "ரத்தத்துல ஊறினது டீச்சர். உத்தியோகத்துக்காகக் கொஞ்சம் அடக்கி வச்சிருக்கேன், அவ்வளவுதான். எம் மகனுக்கும் வரும். வந்தா நான் தடுக்க மாட்டேன். கூடவே நானும் போவேன்."

உன் அம்மா என் காலை மிதித்தாள். டீச்சர் எழுந்துவிட்டார்.

"உது எங்களுக்குச் சரிவராது."

"நாங்க ஒங்களுக்கு எதுல கொறஞ்சு போயிட்டோம்? அதைச் சொல்லிட்டுப் போங்க."

"குறைவு எண்டு நான் சொல்லேல்லை. கண்டு அனுபவிச்சவள் நான். என்ரை பிள்ளைக்கும் அது வேண்டாம்."

கண்டு அனுபவித்தாராம்! நம்மைப் போன்ற ஆட்களோடு பழகிப் பட்டிருக்கிறாராம் என்று நான் பல்லைக் கடித்தேன். தேநீர் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அவர் படியிறங்கிய பிறகு உன் அம்மா சொன்னாள், "அந்தம்மா கண்ணு கலங்கியிருந்திச்சுங்க." நான் "கொழுப்பு" என்றேன். அந்தப் பதிலுக்காக எனக்கு இப்போதும் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து நீ முகம் சிவந்து வந்து நின்றாய். "என்னப்பா சொன்னீங்க அவங்கக்கிட்ட? பரம்பரையா குடிக்கிற குடும்பம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே?" என்றாய். குடிக்கிற குடும்பம்! பால் தேத்தண்ணிக்கு மேல் எதையும் தொட்டறியாத வீடு. அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, ஏன் அப்படிச் சொல்கிறார் என்று யோசித்திருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. "சாதியையும் தோட்டத்தையும் வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு குடிய இழுத்து விட்டிருக்கா. பச்சைப் பொய். நீ போய் அந்தப் புள்ளகிட்டச் சொல்லு, ஒங்கம்மா பொய் சொல்றாங்கன்னு" என்றேன். நீ போய்ச் சொன்னாய். தகப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை. அதோடு அவள் உன் போனை எடுப்பதை நிறுத்தினாள்.

உண்மை எனக்குத் தெரியவந்தது நீதிமன்றத்தில். நான் எங்கே போய்ப் படித்தும் கடைசியில் எனக்குக் கிடைத்தது மொழிபெயர்ப்பாளன் வேலைதான் என்று நீ நூறு தரம் கேட்டிருப்பாய். இன்னும் ஒரு தரம் கேள், இந்த முறை அந்த வேலைக்கு ஒரு பயன் இருந்தது. வடக்கிலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த லொறிச் சாரதி ஒருவனைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பிடித்திருந்தார்கள். பொலிஸ்காரர் சிங்களத்தில் சாட்சி சொன்னார்: "மினிஹா பீலா வெரி வெலா ஹிட்டியே." ஆள் குடித்து நிறை போதையில் இருந்தான் என்று பொருள். வழக்கமாகச் சொல்வதுபோல "மதுபோதையில் இருந்தார்" என்று தமிழில் சொன்னேன். கூண்டிலிருந்த மனிதன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயோ ஐயா, பிள்ளையார் அறிய நான் வெறியில்லை. காய்ச்சலுக்கு மருந்து குடிச்சனான். வெறியெண்டா நடக்கேலுமோ?"

அதைச் சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். பொலிஸ்காரரின் வெரியும் சாரதியின் வெறியும் ஒரே சொல், ஒரே பொருள். மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. அந்தச் சபையில் அந்தச் சொல்லின் பொருளைத் தெரிந்துகொண்டே மறந்திருந்தவன் சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளன் ஒருவன்தான். ஆடி மாசம் பூரா வெறியிலதான் இருப்பாரு, ரோட்டுல உருளுவாரு, புள்ளைங்க தூக்கிக்கிட்டு வருவோம், எங்களுக்குப் பெருமையா இருக்கும், எம் மகனுக்கும் வரும். ஒவ்வொன்றாக என் காதில் திரும்பி விழுந்தன. நீதவான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன, மொழிபெயர்ப்பாளருக்குத் தொண்டை அடைத்துவிட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டார். சபை சிரித்தது. நான் தண்ணீர் கேட்டேன்.

அன்று மாலையே வந்து உன்னிடம் சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீ விறாந்தையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் அழைக்காமல் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னைத் தாண்டிப் போய்ச் சட்டையைக் கழற்றினேன். ஏன் சொல்லவில்லை? அவர் என்னைக் கேட்டிருக்கலாமே என்ற எண்ணம். அவர்கள் பேச்சு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் பேச்சு அவர்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லையா என்ற பழைய கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையான காரணம் அதைவிடக் கேவலமானது. அந்த அம்மா என்னை இழிவாக நினைக்கவில்லை என்று ஒத்துக்கொண்டால், விடுதி மேசையிலிருந்து நான் சுமந்து வந்த மூட்டையில் ஒரு கல்லை இறக்கி வைக்க வேண்டும். எனக்கு அந்தக் கனம் பழகிவிட்டது. என் அப்பாவுக்கு ஆடி மாதம் மட்டும்தான் வெறி. எனக்குப் பன்னிரண்டு மாதமும். அவர் முருகனை நினைத்து உருண்டார். நான் அவமானங்களை நினைத்து உருண்டேன். என்னைத் தூக்கிக்கொண்டு வரத்தான் ஆளில்லை.

போன ஞாயிறு உன் அம்மா உன்னுடைய சட்டைகளை மடித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாததுபோல் சொன்னாள்: "வீட்ட விட்டு ஓடுறதுக்கு இந்தப் புள்ளைக்கு என்ன வந்திச்சு." நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வத்தேகமவில் ஒரு சாவு வீடு என்று உங்களிடம் பொய் சொன்னேன். பேராதனைக்குத்தான் போனேன்.

கேட்டில் 'கடிநாய் கவனம்' என்று ஒரு பலகை. எனக்காகவே மாட்டியதுபோல் இருந்தது. டீச்சர் கதவைத் திறந்தவர் ஓரடி பின்னால் நகர்ந்து, மெதுவாக மூச்சை இழுத்தார். என் வாயிலிருந்து வாடை வருகிறதா என்று பார்க்கிறார்! வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பேன். நின்றேன். "டீச்சர், நான் குடிக்கிறதில்ல. எங்கப்பாவும் குடிச்சதில்ல. எங்க பக்கம் வெறின்னா கோயில் வெறி. அன்னிக்கு நான் சொன்னது கதிர்காமத்துல அங்கப் பிரதட்சணம்" என்றேன். ஒரே மூச்சில். அவர் கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"முருகா. அப்ப ரோட்டிலை உருண்டது?"

"கோயில் வீதியில."

"பிள்ளையள் தூக்கினது?"

"வெயில்ல மயங்கிப் போவாரு."

சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நடுவிலேயே உடைந்துவிட்டது. என்னை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரிலிருந்த தன் கணவரின் படத்தைக் காட்டினார். நோயில் போனார் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். "ஈரல் போய்ச் செத்தவர். ஒவ்வொரு நாளும் வெறி. நானும் இவளும்தான் ரோட்டிலை இருந்து தூக்கிக்கொண்டு வாறது. நீங்கள் பெருமை எண்டு சொல்லேக்கை எனக்கு நெஞ்சு நிண்டு போச்சு." கண்டு அனுபவித்தது அதுதான், மகன். நான் கொழுப்பு என்று சொன்னது அதைத்தான்.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே நீங்க" என்றேன். விட மனமில்லை எனக்கு.

"நீங்களும் கேட்டிருக்கலாம்தானே" என்றார். தேத்தண்ணி வந்தது. சூடு ஆறுமுன் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

தேத்தண்ணி கொண்டுவந்தது அந்தப் பிள்ளை. உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மெலிந்திருக்கிறாள். "அங்கிள், அப்பா வெறியிலை விழுந்து கிடக்கேக்கையும் அம்மா ஆருக்கும் பொய் சொன்னதில்லை. வருத்தம், சுகமில்லை எண்டுதான் சொல்லுவா. அது வருத்தந்தானே. அவவைப் போய் பொய் சொல்லுறா எண்டு சொன்னால் நான் என்ன செய்யிறது?" என்றாள். அந்தச் சொல் என்னுடையது, என் மகன் அதைச் சுமந்து வந்தவன்தான் என்றேன். அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எனக்குச் சொன்னது அவர். அவர் வந்து திருப்பி எடுக்கட்டும். உங்கட வாயாலை வேண்டாம்" என்று உள்ளே போய்விட்டாள். டீச்சர் கேட்வரை வந்தார். "பிளேனுக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே?" என்று மட்டும் கேட்டார்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் தகப்பன், சொல்லாமல் இருக்க முடியாது. உன் பேச்சில் உள்ள சொல் எதிரே இருப்பவரின் வீட்டில் என்ன பொருளில் அழுதிருக்கிறது என்று கேட்டுக்கொள். ஒருவர் கதிரை நுனியில் உட்கார்ந்தால் அதற்கு உன்னைப் பற்றியதல்லாத காரணமும் இருக்கலாம். என் கோபங்களில் எதையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதே. அவற்றில் சில நியாயமானவை, அவற்றை நான் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ மெலிந்தபோது உன்னைப் பிடித்தது சாதி, தோட்டம், யாழ்ப்பாணம் என்று நானே முடிவு கட்டி, முற்றத்தில் நின்று ஆடினேன். கட்டுரையில் அந்த வேலனை எவ்வளவு கிண்டல் செய்திருந்தேன்! வெட்டுப்பட்ட ஆடு நீ என்பதை ஆட்டத்தில் பார்க்கவில்லை.

நாளைக் காலை பேராதனைக்குப் போ. பெட்டி அப்படியே கிடக்கட்டும், அதை மூடுவதா பிரிப்பதா என்று வந்து முடிவு செய்யலாம். நான் துணைக்கு வரமாட்டேன். அந்தப் பிள்ளை சொன்னதுபோல், இது என் வாயால் ஆகாது. கேட்டில் இருக்கும் பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதே. அந்த வீட்டில் நாய் கிடையாது.

அப்பா